பழனி மலையும் ஓர் அமைதி உடன்படிக்கையும்

மேற்குத் தொடர்ச்சி மலையினின்று பிரிந்து கிழக்கு நோக்கி நீண்டு கிடப்பது பழனி மலைத்தொடர். அதன் மேல்மலைப் பகுதியில், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், கோடைக்கானல் நகரம் அமைந்துள்ளது. மலையின் வடக்கு அடிவாரத்திற்கு அருகே, தண்டாயுதபாணியாக முருகப்பெருமான் எழுந்தருளியிருக்கும் பழனிப் பதி விளங்குகின்றது. கிழக்கே, சமவெளியில் தனித்து எழும் பெரும் பாறையின் மேல் திண்டுக்கல் கோட்டை நிற்கின்றது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே, மலையின் மடியில் சாய்ந்தாற்போன்று அமைந்த சிற்றூர் விருப்பாச்சி. மணமும் இனிமையும் மிக்க மலைவாழைக்கு இவ்வூர் பெயர் பெற்றது.

கோடையின் குளிர்ச்சியை நாடுவோரும், காவடி சுமந்து பழனிக்கு நடந்து செல்வோரும் இன்று இப்பகுதியில் அச்சமின்றிப் பயணம் செய்கின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழிகள் இவ்வாறு இருக்கவில்லை. பீரங்கி வண்டிகளும் குதிரைப் படைகளும் இவற்றின்மேல் மாறி மாறிச் சென்றன. எந்தப் படை வருகின்றது என்று அறிந்த பின்னரே உழவர் தம் மாடுகளை வயலுக்கு ஓட்டிச் செல்லக்கூடிய காலம் அது. அந்நிலையை மாற்றியது 1792-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கை. பழனி மலையினின்று நெடுந்தொலைவில், காவிரியாற்றின் நடுவே உள்ள சீரங்கப்பட்டணத்தில் அஃது எழுதப்பட்டது. அது போரை நிறுத்தியது. ஆனால் மலையடிவாரத்திற்கு அமைதியைக் கொணர்ந்ததா என்பது ஆராய்தற்குரியது.

அக்காலத்தில் பழனி மலையின் மீது குன்னுவர், பளியர், புலையர் முதலிய மக்கள் வாழ்ந்து வந்தனர். பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர், வெள்ளகவி முதலியன அவர்களுடைய பழைய ஊர்களுட் சில. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நிலமாக்கிப் பயிரிடுவதில் குன்னுவர் வல்லவர். பளியர் தேன், கிழங்கு முதலிய காட்டுப் பொருள்களைக் கொண்டு வாழ்ந்தனர். மலையூர்கள் பலவும் அடிவாரத்துப் பாளையக்காரர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன.

பாளையம் என்பது மதுரை நாயக்க மன்னர் காலத்தில் நிலைபெற்ற ஓர் அமைப்பாகும். ஊர்களின் காவலும் வரி தண்டும் உரிமையும் ஒரு தலைவரிடம் ஒப்படைக்கப்படும். அவர் ஒரு பங்கை மன்னர்க்குச் செலுத்துவார். போர்க் காலத்தில் தம் படையுடன் வந்து உதவுவார். அத்தலைவரே பாளையக்காரர் எனப்பட்டார். விருப்பாச்சி, ஆயக்குடி, இடையன்கோட்டை, கன்னிவாடி முதலிய பாளையங்கள் பழனி மலையை அடுத்துள்ள நிலப்பகுதியில் இருந்தன. மன்னர் மாறினாலும் பாளையக்காரர் மாறுவதில்லை. ஆகவே, மக்கள் அறிந்த அரசு பெரும்பாலும் அவர்களுடைய அரசாகவே இருந்தது.

இப்பகுதியின் திறவுகோலாக விளங்கியது திண்டுக்கல் கோட்டை. மேற்கே பழனி மலையும் கிழக்கே சிறுமலையும் உயர்ந்து நிற்க, இரண்டிற்கும் இடைப்பட்ட வாயிலில் அஃது அமைந்துள்ளது. மைசூர்ப் பகுதியிலிருந்து மதுரையை நோக்கி வருவோர் அவ்வாயிலைக் கடத்தல் வேண்டும். ஆதலின் அக்கோட்டையைக் கைக்கொள்ளாது தென்னாட்டைக் கைக்கொள்ளுதல் எவர்க்கும் எளிதன்று. மைசூர் அரசு 1755-ஆம் ஆண்டில் ஐதர் அலியைத் திண்டுக்கல்லின் தலைவராக அமர்த்தியது. அங்கிருந்தே அவர் படையும் பொருளும் பெருக்கி, பின்னர் மைசூர் நாட்டின் தலைவராகவே உயர்ந்தார். அவர் பிரெஞ்சுக்காரரின் துணையுடன் திண்டுக்கல்லில் படைக்கலச் சாலை ஒன்றையும் நிறுவினார்.

வாயிலில் நிற்பவனுக்கே முதல் அடி விழும் என்பது உலக இயல்பு. மைசூர் அரசுக்கும் ஆங்கிலேயருடைய கிழக்கிந்தியக் கும்பினிக்கும் பகை மூண்டபோதெல்லாம் திண்டுக்கல் சீமையே முதலில் துன்புற்றது. 1767-இல் கும்பினிப் படை கோட்டையைப் பிடித்தது. மறு ஆண்டே ஐதர் அதனை மீட்டார். 1783-இல் மீண்டும் கும்பினியிடம் அது வீழ்ந்தது. 1784-இல் மங்களூரில் எழுதப்பட்ட உடன்படிக்கை அதனை ஐதரின் மைந்தர் திப்பு சுல்தானிடம் திருப்பி அளித்தது. 1790-இல் மறுபடியும் கும்பினி அதனைக் கைப்பற்றியது. இருபத்து மூன்று ஆண்டுகளில் ஐந்து முறை ஒரே நாடு கை மாறியது! ஓர் உழவன் இளைஞனாக இருந்தபோது தொடங்கிய இம்மாற்றங்கள், அவன் மகன் ஏர் பிடிக்கும் வரையிலும் ஓயவில்லை. சென்ற ஆண்டு ஓர் அரசுக்கு வரி செலுத்தியவன், இவ்வாண்டு வேறோர் அரசுக்கு மீண்டும் வரி செலுத்த நேர்ந்தது.

கடைசியாகக் கூறிய 1790-ஆம் ஆண்டு நிகழ்ச்சி மூன்றாம் மைசூர்ப் போரின் ஒரு பகுதியாகும். 1789-ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் திப்பு சுல்தான் திருவிதாங்கூர் நாட்டின் வடவெல்லை அரணைத் தாக்கினார். திருவிதாங்கூர் மன்னர் கும்பினியின் நண்பர். அத்தாக்குதலைக் காரணமாகக் கொண்டு கும்பினி போர் தொடுத்தது. ஐதராபாத் நிசாமும் மராத்தியரும் அதனுடன் சேர்ந்தனர். 1790 ஆகஸ்டு மாதத்தில் கர்னல் ஸ்டூவர்ட் என்பவர் திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தார். மறு ஆண்டில் கவர்னர் ஜெனரலாகிய காரன்வாலிஸ் பிரபு தாமே படைத்தலைமை ஏற்றுப் பெங்களூரைக் கைப்பற்றினார். 1792 பிப்ரவரியில் நேசப்படைகள் திப்புவின் தலைநகரமாகிய சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டன. புற அரண்கள் வீழ்ந்தன. தலைநகரை இழப்பதைக் காட்டிலும் நாட்டிற் பாதியை இழப்பது மேல் எனத் திப்பு துணிந்தார்.

1792-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் உடன்படிக்கை முழுமை பெற்றது. அதன் விதிகள் கடுமையானவை. திப்பு தம் நாட்டில் ஒரு பாதியை நேசநாட்டார் மூவர்க்கும் பிரித்துக் கொடுத்தல் வேண்டும். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் போர்ச் செலவுக்கு ஈடாகச் செலுத்துதல் வேண்டும். அதில் பாதியை உடனேயும், எஞ்சியதை மூன்று தவணைகளிலும் கொடுத்தல் வேண்டும். ஐதர் காலம் முதலாகச் சிறைப்பட்டிருந்த கைதிகள் அனைவரும் விடுதலை பெறல் வேண்டும். இவையெல்லாம் நிறைவேறும் வரையில் அவருடைய புதல்வர் இருவர் கும்பினியிடம் பிணையாக இருத்தல் வேண்டும்.

பிணையாகச் சென்றவர் அப்துல் காலிக், முயிசுத்தீன் என்னும் இரண்டு சிறுவர். யானைமீது ஏற்றி அனுப்பப்பட்ட அவர்களைக் காரன்வாலிஸ் கைகொடுத்து வரவேற்று, ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் அளித்தார் என்பர். பின்னர் அச்சிறுவர் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். விதிகள் நிறைவேறிய பின்னர், 1794-ஆம் ஆண்டிலேயே தந்தையிடம் திரும்பினர். நாடாள்வோரின் வாக்குறுதிக்குப் பிள்ளைகள் ஈடாக வைக்கப்பட்ட அந்நிகழ்ச்சி, போரின் வெற்றியும் தோல்வியும் யார் தலைமேல் வந்து விழும் என்பதனை நன்கு காட்டும்.

நாட்டைப் பாதியாகப் பிரிப்பது எங்ஙனம்? பரப்பை அளந்து பிரிக்க அக்காலத்தில் முழுமையான நிலப்படம் இல்லை. ஆகவே வருவாயை அளவுகோலாகக் கொண்டனர். ஒவ்வொரு சீமையும் ஆண்டுக்கு எத்தனை வராகன் வருவாய் தரும் என்று கணக்கு எழுதப்பட்டது. அக்கணக்கின்படி மூவர்க்கும் ஒத்த பங்கு வகுக்கப்பட்டது. கும்பினியின் பங்காகிய பட்டியலின் மொத்தம் 13,16,765 வராகன். அக்கால மதிப்பில் ஏறக்குறைய 40 லட்சம் ரூபாய். கள்ளிக்கோட்டை, பாலக்காடு, சேலம், நாமக்கல், சங்ககிரி, பாரமகால் முதலிய பெயர்கள் அப்பட்டியலில் வரிசையாக நிற்கின்றன.

அவ்வரிசையில் ஒரே ஒரு வரி பழனி மலையடிவாரத்தைக் குறிப்பதாகும். திண்டுக்கல்லும் பழனி விருப்பாச்சியும், தாலுக்கா இரண்டு, வராகன் 90,000 என்பதே அதன் பொருள். ஓங்கிய மலைகளும், அவற்றின்மீது படிப்படியாக அமைந்த கழனிகளும், பன்னிரண்டு ஆண்டிற்கு ஒருமுறை குறிஞ்சி மலரும் சரிவுகளும், அடியார் திரளும் பழனிப் பதியும், பாளையங்களும், அவற்றில் வாழ்ந்த மக்களும் ஆகிய அனைத்தும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டன. கொடுத்தவர்க்கும் பெற்றவர்க்கும் அவ்வரியே போதியதாயிற்று. ஆனால் அவ்வரியில் மனிதர் இலர், வருவாயே உண்டு. ‘இனி நீங்கள் வேறோர் அரசின் குடிகள், இதற்கு இசைகின்றீர்களா?’ என்று பூம்பாறையிலோ விருப்பாச்சியிலோ எவரும் எவரையும் கேட்கவில்லை.

இவ்வுடன்படிக்கையால் நன்மையே விளையவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. நெடுங்காலம் சிறையில் வாடியோர் வீடு திரும்ப வழி பிறந்தது. திண்டுக்கல் கோட்டை அதன் பின்னர் மைசூருக்கும் கும்பினிக்கும் இடையே கை மாறவில்லை. பெரும்படைகள் ஆண்டுதோறும் அறுவடையைக் கொள்ளையிட்டுச் செல்லும் அச்சம் குறைந்தது. எனினும் அச்சம் முற்றிலும் நீங்கியது என்று கூறுவதற்கில்லை. பழனிக்கு மேற்கும் வடக்கும் உள்ள கோயம்புத்தூர்ச் சீமை திப்புவிடமே விடப்பட்டிருந்தமையின், பழனி நாடு ஓர் எல்லைப்புற நாடாயிற்று. 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு போர்க்களத்தில் உயிர் துறக்கும் வரையில் அந்நிலை நீடித்தது. பாதி நாட்டை இழந்த மன்னர் அமைதியோடு இருக்கமாட்டார் என்பதும், பாதி நாட்டைப் பெற்றவர் அதனோடு நில்லார் என்பதும் ஏழே ஆண்டுகளில் விளங்கின.

அடிவாரத்தில் வேறொரு புகைச்சலும் எழுந்தது. கும்பினியார் திண்டுக்கல்லில் கலெக்டர் ஒருவரை அமர்த்தி வரி தண்டத் தொடங்கினர். பழைய முறையில் பாளையக்காரர் செலுத்தி வந்த திறை, மழை பொய்த்த காலத்தில் குறையும். மன்னர் வலியிழந்த காலத்தில் நிலுவையாக நிற்கும். புதிய முறையோ அவ்வாறு வளைந்து கொடுப்பதன்று. பட்டியலில் எழுதிய தொகை, குறித்த நாளில், குறைவின்றி வந்து சேர்தல் வேண்டும். அன்றியும், பாளையக்காரரின் காவல் உரிமையும் படை வைத்திருக்கும் உரிமையும் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. வழிவழியாகத் தமக்கு உரியவை என்று அவர்கள் கருதியவற்றைப் பற்றி உடன்படிக்கை ஒரு சொல்லும் கூறவில்லை. அவர்கள் அதில் கையெழுத்திட்டவர்களும் அல்லர்.

அந்நாளில் விருப்பாச்சியின் தலைவராக விளங்கியவர் கோபால நாயக்கர். சிவகங்கையை இழந்து நின்ற அரசி வேலு நாச்சியாருக்கு முன்னர் புகலிடமாக இருந்ததும் விருப்பாச்சியே. அடைக்கலம் என்று வந்தோரைக் காத்த அம்மரபில் வந்த கோபால நாயக்கர், பாளையங்கள் தனித்தனியே எதிர்த்து நின்றால் ஒவ்வொன்றாக வீழும் என்பதனை உணர்ந்தார். 1799 அக்டோபரில் வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட செய்தி அவ்வுணர்வை வலுப்படுத்தியது. அவர் திண்டுக்கல் சீமைப் பாளையக்காரரை ஒன்று திரட்டினார். சிவகங்கை மருது சகோதரரோடும், மைசூர் வடபகுதியில் கும்பினியை எதிர்த்து நின்ற தூந்தாஜி வாக் என்பவரோடும் தொடர்பு கொண்டார்.

1800-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்குவது என்று அவர்கள் திட்டமிட்டனர். திட்டம் முன்னரே வெளிப்பட்டமையால் அம்முயற்சி தோல்வியுற்றது. பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் தூந்தாஜி வாக் போரில் மாண்டார். அவரை வென்ற ஆங்கிலத் தளபதியின் பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. அப்பெயர் பின்னரும் இவ்வரலாற்றில் வரும். துணையிழந்த கோபால நாயக்கர் மலையையும் காட்டையும் அரணாகக் கொண்டு போரிட்டார். 1801-ஆம் ஆண்டில் அவர் சிறைப்பிடிக்கப்பட்டுத் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். விருப்பாச்சிப் பாளையம் பறிமுதல் செய்யப்பட்டது. திண்டுக்கல்லில் உள்ள கோபால சமுத்திரம் என்னும் குளத்தை மக்கள் இன்றும் அவர் நினைவோடு சேர்த்துப் பேசுவர். விருப்பாச்சியில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் எழுப்பியுள்ளது.

ஆகவே, 1792-இல் எழுதப்பட்ட அமைதி, பழனி மலையடிவாரத்தில் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் குருதி சிந்தியது. போர் நின்றது கையெழுத்திட்டவர்களுக்கு இடையே மட்டுந்தான். கையெழுத்திட அழைக்கப்படாதவர்களோடு புதிய போர் ஒன்று அவ்வுடன்படிக்கையின் உள்ளேயே வித்தாகக் கிடந்தது.

இது தமிழகத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. சீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை செய்த அதே காரன்வாலிஸ், சரியாகப் பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் ஐரோப்பாவிலும் ஓர் அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டி எழுந்த நெடும்போர்களால் களைப்புற்ற இங்கிலாந்தும் பிரான்சும், பிரான்சு நாட்டின் ஆமியேன் என்னும் நகரில் 1802-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதனைச் செய்துகொண்டன. பிரான்சின் சார்பில் கையெழுத்திட்டவர் நெப்போலியனின் தமையனாராகிய ஜோசப் போனபார்ட்டு. இரு நாட்டு மக்களும் மகிழ்ந்தனர். ஆனால் அம்மகிழ்ச்சி பதினான்கு மாதங்களே நீடித்தது. 1803 மே மாதத்தில் மீண்டும் போர் மூண்டது. இரு தரத்தாரும் மூச்சு வாங்குவதற்காக நின்றனரேயன்றிப் பகையை விடுவதற்காக நிற்கவில்லை.

ஆமியேன் உடன்படிக்கையின் நிழல் தமிழ் மக்கள்மீதும் படிந்தது. இலங்கையில் டச்சுக்காரர் ஆண்ட கடற்கரைப் பகுதிகள் அதனால் ஆங்கிலேயர்க்கு உரியனவாயின. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் வாழ்ந்த தமிழர் எவரும் அது பற்றிக் கேட்கப்படவில்லை. புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பித் தருவதாகவும் அதே உடன்படிக்கை கூறியது. அதனைப் பெறுவதற்குப் பிரெஞ்சுக் கப்பல்கள் 1803-இல் வந்து சேர்ந்தபோது மீண்டும் போர் தொடங்கிவிட்டமையின், அவை வெறுங்கையோடு திரும்பின. 1814-இல் பாரிசு நகரில் எழுதப்பட்ட வேறோர் உடன்படிக்கையின் பயனாக, 1816-ஆம் ஆண்டிலேயே புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது.

நெப்போலியனை இறுதியாக வென்றவர் யார்? 1815 ஜூன் 18-ஆம் நாள் வாட்டர்லூ என்னுமிடத்தில் ஆங்கிலப் படைக்குத் தலைமை தாங்கிய வெல்லிங்டன் பிரபுவே அவர். பிரஷ்யப் படையும் அவருக்குத் துணை நின்றது. அவர்தாம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் தூந்தாஜி வாக்கை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி. விருப்பாச்சியின் நம்பிக்கையைக் குலைத்த கையே ஐரோப்பாவின் பெரும்போரையும் முடித்து வைத்தது எனலாம்.

வாட்டர்லூப் போருக்குச் சற்று முன்னர் வியன்னா நகரில் ஐரோப்பிய நாடுகள் கூடிப் புதிய எல்லைகளை வகுத்தன. அம்மாநாட்டில் ஒரு சிறப்பு உண்டு. தோல்வியுற்ற பிரான்சும் அங்கு ஓர் இருக்கை பெற்றது. அதன் தூதராகிய தாலிராண்டு மற்றையோரோடு ஒப்ப அமர்ந்து வாதாடினார். வென்றோர் தோற்றோரை மேடையினின்று தள்ளிவிடாமையால், பெருநாடுகள் அனைத்தும் ஈடுபட்ட போர் ஒன்று ஐரோப்பாவில் மீண்டும் மூள ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. ஆயினும் அம்மாநாட்டிலும் ஒரு குறை இருந்தது. பெருநாடுகளின் கருத்துக் கேட்கப்பட்டது. சிறு மக்களின் கருத்துக் கேட்கப்படவில்லை. பெல்ஜிய மக்கள் தம் விருப்பம் அறியப்படாமலே நெதர்லாந்து அரசோடு இணைக்கப்பட்டனர். 1830-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து பிரிந்து சென்றனர். விருப்பாச்சியில் நிகழ்ந்தது எதுவோ, அதுவே பெல்ஜியத்திலும் நிகழ்ந்தது. முன்னதில் கிளர்ச்சி தோற்றது, பின்னதில் வென்றது. காரணம் இரண்டிலும் ஒன்றே.

மீண்டும் பழனி மலைக்கு வருதல் வேண்டும். 1801-க்குப் பின்னர் அடிவாரத்தில் எதிர்ப்பு அடங்கியது. மலை முழுவதும் ஒரே அரசின் கீழ் வந்தது. பட்டியலில் ஒரு வரியாக மட்டும் அறிந்திருந்த நாட்டைக் கும்பினியார் கண்ணால் காணவும் அளக்கவும் முற்பட்டனர். 1821-ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வார்டு என்னும் நில அளவையாளர் பழனி மலைமீது ஏறி, வராககிரி என்னும் பெயரால் அதன் ஊர்களையும் வழிகளையும் வருணித்து எழுதினார். 1834-இல் மதுரையின் துணைக் கலெக்டர் ஒருவர் செண்பகனூருக்கு அருகில் சிறு மனை ஒன்று கட்டினார். 1845-இல் மதுரையில் பணியாற்றிய அமெரிக்கச் சமயத் தொண்டர்கள், சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சி, கோடைக்கானலில் இரண்டு வீடுகள் அமைத்தனர். அதுவே அந்நகரின் தொடக்கம். 1863-இல் லெவிஞ்சு என்பவரின் முயற்சியால் ஓடை நீர் தேக்கப்பட்டு, இன்று காண்போர் வியக்கும் ஏரி உருவாயிற்று. 1899-இல் சூரியனை ஆராயும் வானிலையம் அங்கு நிறுவப்பட்டது.

இவ்வாறு அடிவாரத்தில் போர் ஓய்ந்த பின்னரே மலையுச்சியில் நகரம் எழுந்தது. கோடைக்கானலின் ஏரிக்கரையில் உலாவுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் தகும். அங்கு நிலவும் அமைதிக்கு விலை கொடுத்தவர், அதே மலையின் அடியில் உயிர் நீத்தவர்கள். நகரம் எழுவதற்கு முன்னரே அம்மலையைத் திருத்திப் பயிர் செய்து வந்த பழங்குடிகளுக்கும் அதில் உரிமையுண்டு.

அவ்வுரிமையை அரசு ஒரு சட்டத்தால் ஏற்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவில் 2006-ஆம் ஆண்டில் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. காட்டில் வாழும் மக்களின் உரிமையை வரையறுக்கும் பணி அவர்களுடைய கிராம சபையிலிருந்தே தொடங்கல் வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கின்றது. தொலைவில் இருந்து பட்டியல் எழுதும் முறைக்கு இது நேர்மாறானது. நிலத்தைப் பற்றிப் பேசுமுன், அந்நிலத்தில் வாழ்வோரிடம் பேசுக என்பதே இதன் கருத்து. சட்டம் ஏட்டில் இருப்பது போதாது; அது மலையூர்தோறும் நடைமுறையில் வருதல் வேண்டும்.

இரண்டு வீட்டார்க்கு இடையே வேலித் தகராறு எழுகின்றது எனக் கொள்வோம். ஊர்ப் பெரியோர் இருவரையும் அழைத்து, இருவர் சொல்லையும் கேட்டு, எல்லைக்கல் நடுகின்றனர். அக்கல் தலைமுறை தலைமுறையாக நிற்கும். ஒருவரை மட்டும் கேட்டு நட்ட கல்லோ, அடுத்த மழைக்காலத்திற்குள் இரவோடிரவாகப் பிடுங்கப்படும். நாடுகளின் எல்லைக்கும் இவ்வுண்மை பொருந்தும். சிறிய வேலிக்குத் தேவையான நீதி பெரிய நாட்டிற்குத் தேவையில்லை என்று கருதியமையே பல உடன்படிக்கைகள் குலைந்தமைக்குக் காரணமாகும்.

உடன்படிக்கை என்னும் சொல்லே இதனை உணர்த்துகின்றது. உடன்படுதல் என்பது உள்ளம் ஒத்து இசைதல். உடன்பட வேண்டியவர் அனைவரும் உடன்பட்டால்தான் அஃது உடன்படிக்கை. இல்லையேல் அது கட்டளையே ஆகும். கட்டளைக்கு மக்கள் அடங்கியிருக்கலாம். ஆனால் அடக்கம் வேறு, அமைதி வேறு. 1792-இல் சீரங்கப்பட்டணத்தில் எழுதப்பட்ட ஒரு வரியும், அவ்வரியில் இடம்பெறாத மக்களும், பழனி மலையடிவாரத்தில் விட்டுச் சென்ற பாடம் இதுவே.